180 மாத்திரை எங்கே போகிறது?

கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் சிவப்பு நிற சத்து மாத்திரைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் திட்டம் எங்கே ஓட்டையாகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

கர்ப்ப காலம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரும்பு சுமார் 1000 மில்லிகிராம். இதில் 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகும். தாயின் உடலில் புதிதாக உருவாகும் சிவப்பணுக்களுக்கு 500. மீதி 200 தோல், குடல் வழியாக வழக்கமாகக் கழிவது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. கர்ப்ப காலத்துக்குக் கொடுப்பது 180 மாத்திரை, அதாவது 10,800 மில்லிகிராம் இரும்பு. குடல் அதில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால் 1080. தேவையும் வரவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. 14-வது வாரத்தில் தொடங்கி 40-வது வாரம் வரை தினம் ஒன்று போட்டால் 182 நாள். அதாவது இந்தக் கணக்கில் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. 20-வது வாரத்தில்தான் பெயர் பதிந்தாள் என்றால் 42 மாத்திரை அப்போதே போயிற்று. டீயோடு சேர்த்து முழுங்கினால் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகாது.

இந்தியாவில் இந்த வேலை புதிதல்ல. ரத்த சோகைத் தடுப்புத் திட்டம் 1970-லேயே தொடங்கிவிட்டது. பெயரும் மாத்திரையின் அளவும் நடுவில் சில தடவை மாறின. ஒரு கட்டத்தில் 100 மில்லிகிராம் மாத்திரை வந்தது. 2018-ல் 'அனீமியா முக்த் பாரத்' (ரத்த சோகையற்ற இந்தியா) என்ற பெயரில் மறுபடி 60-க்கே திரும்பினார்கள். குமட்டலும் மலச்சிக்கலும் குறைந்தால் கூடுதல் பேர் விடாமல் போடுவார்கள் என்று பார்த்தால், அது சரியான முடிவுதான். ரத்த சோகையை ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளி குறைக்க வேண்டும் என்பது இலக்கு. நடந்தது என்ன? 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில் கர்ப்பிணிகளில் 50.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. 2019-21 ஆய்வில் 52.2. தமிழ்நாட்டிலேயே 48.3 சதவீதம்; பிரசவம் அநேகமாக எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலம் இது. விரல்நுனி ரத்தத்தில் அளந்தால் ரத்த சோகை கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்று நிபுணர்களிடையே ஒரு வாதம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டாலும் பெருமைப்பட எதுவும் மிஞ்சாது.

அதே 2019-21 ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் 180 நாளோ அதற்கு மேலோ மாத்திரை போட்டதாகச் சொன்ன தாய்மார் 26 சதவீதம். 100 நாள் என்று அளவுகோலை இறக்கினால்கூட 44.1 சதவீதம்தான். ஆனால் மாதாமாதம் மேலே போகும் சுகாதார அறிக்கையில் கேட்கப்படுவது, 180 மாத்திரை 'வழங்கப்பட்ட' கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்பது. வழங்கியது பதிவேட்டில் ஏறுகிறது, முழுங்கியது ஏறுவதில்லை. ஹெச்.பி. (ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்ற அளவு) ஏறியதா என்ற கேள்விக்கு அந்த அளவு மதிப்பெண்ணும் கிடையாது. என்னைக் கேட்டால் திட்டத்தின் பெரிய கோளாறு மாத்திரையில் இல்லை, அறிக்கையின் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. கேட்கிற கேள்விக்குத்தானே பதில் வரும்?

ஹெச்.பி. அளப்பதிலிருந்தே பிசகு தொடங்கிவிடுகிறது. பழைய சாலி முறை பல இடங்களில் இன்னமும் புழக்கத்தில் உண்டு. அளவுக் குழாயில் அடிக்கோடு வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்ற வேண்டும். விரலைக் குத்தி முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியிலிருந்து பிப்பெட் என்ற மெல்லிய குழாயில் 20 மைக்ரோலிட்டர் உறிஞ்ச வேண்டும். பிப்பெட்டின் வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் துடைத்த பிறகே உள்ளதை அமிலத்தில் விடலாம். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்தம் அமிலத்தோடு சேர்ந்து பழுப்பாக மாற அத்தனை நேரம் பிடிக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்குக் கொண்டுவந்து, குழாயில் எண்ணைப் படிக்க வேண்டும்.

இதில் எந்தப் படி தவறினாலும் எண் மாறும். கூட்டம் நிறைந்த கர்ப்பிணி கிளினிக் நாளில் முதலில் அடிபடுவது அந்தப் பத்து நிமிடம்தான். இரண்டு நிமிடத்தில் படித்தால் நிறம் முழுசாக வந்திருக்காது, ஹெச்.பி. இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து அப்போதும் குறையும். பிப்பெட்டின் வெளியே ஒட்டியதைத் துடைக்காவிட்டால் கூடும். ஒப்பிடும் கண்ணாடி வெளுத்துப்போயிருந்தால் அன்றைக்கு வந்த அத்தனை பேர் கணக்கும் ஒரே பக்கமாகச் சாயும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு எண், டியூப்லைட்டில் ஒரு எண். டிஜிட்டல் கருவி வந்த பிறகு இதெல்லாம் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்கும் சொந்த வியாதி உண்டு. ரத்தத் துளியை விடும் சோதனை ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தபடி விட்டால் ஈரம் குடித்துவிடும். வெயிலில் வண்டிப் பெட்டியில் கிடந்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைக்கிற பழக்கம் ஒன்று போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பதிவேட்டைப் புரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பக்கம் முழுக்க 10, 10.2, 10.5, 11 என்றே வரிசையாக வந்தால் அங்கே யாரும் அளக்கவில்லை, நிரப்பியிருக்கிறார்கள். நிஜமான அளவுகள் சிதறிக் கிடக்கும். 8.3 இருக்கும், 12.1 இருக்கும், 9.7 இருக்கும்.

இன்னொரு குழப்பம்: நாலு, ஐந்து மாதத்தில் ஹெச்.பி. சற்று இறங்குவது இயல்பு. ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதியளவு பெருகும்போது சிவப்பணு அந்த வேகத்தில் பெருகாது, அதனால் ரத்தம் நீர்த்துப்போகும். '12 இருந்தது, மாத்திரை போட்டும் 11 ஆயிடுச்சு, அப்போ மாத்திரை வேலை செய்யல' என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை போடாமல் இருந்திருந்தால் இன்னும் கீழே போயிருக்கும் என்பதை அந்த நேரத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டால் போதும்.

மாத்திரை வீட்டுக்குப் போன பிறகு நடப்பது வேறு கதை. இரும்போடு சேர்த்து கால்சியமும் கொடுக்கிறார்கள். 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு. இரண்டையும் ஒரே கவரில் போட்டு 'தினமும் போடும்மா' என்று கையில் கொடுத்தால் அவள் மூன்றையும் சேர்த்தே போடுவாள். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நடைமுறையில் எளிது: காலைச் சாப்பாட்டோடும் மதியச் சாப்பாட்டோடும் கால்சியம், ராத்திரி சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது இரும்பு. வெறும் வயிற்றில் போட்டால் இரும்பு இன்னும் நன்றாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் குமட்டல் தாங்காமல் நாலாம் நாள் மாத்திரையை ஜன்னல் வழியே எறிவதைவிட, கொஞ்சம் குறைவாக ஏறினாலும் தினம் உள்ளே போவது மேல். ராத்திரி போட்டால் குமட்டலைத் தூங்கியே கடந்துவிடலாம். தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ போடலாம். டீ, காபி, பால் மூன்றும் கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது.

மலம் கறுப்பாகப் போகும். இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாள் பயந்து நிறுத்திவிடுவாள். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பதும், குழந்தை பெருத்து ஆபரேஷனில் முடியும் என்பதும் இன்னும் உலவுகிற பயங்கள். பெரும்பாலும் இந்தப் பயம் மாமியாரிடமும் அம்மாவிடமும்தான் இருக்கும், கர்ப்பிணியிடம் இல்லை. அதனால் நர்சம்மா கர்ப்பிணியிடம் தனியாக அரை மணி நேரம் பேசுவதைவிட, வீட்டுக்குப் போகும்போது மாமியாரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசுவது பலன் தரும். அப்படியே பழைய மாத்திரை ஸ்ட்ரிப்பை எடுத்து வரச் சொல்லி, காலியான குழிகளை எண்ணலாம். 'மாத்திரை போடுறியா?' என்று கேட்டால் 'போடுறேங்க்கா' என்றுதான் பதில் வரும். ஸ்ட்ரிப் பொய் சொல்லாது. தாளில் மடித்துக் கொடுத்த உதிரி மாத்திரையில் இந்த வசதி கிடையாது. ஈரம் பட்டு நிறம் மாறிப்போகும் வேறு.

ஹெச்.பி. 11-க்குக் கீழே போனால்தான் கர்ப்பிணிக்கு ரத்த சோகை என்று பெயர். 7-லிருந்து 10.9 வரை இருந்தால் தினம் ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை. ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும், குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வழிகாட்டியில் இது தெளிவாகவே இருக்கிறது. நடப்பது வேறு: ஏறாதவளுக்கு அதே இரண்டு மாத்திரையை இன்னொரு மாதம், பிறகு இன்னொரு மாதம். எட்டாம் மாதம் முடியும்போதுதான் 'ரத்தம் கம்மியா இருக்கு, டிரிப்ஸ் ஏத்தணும்' என்ற அவசரம் வரும். 36 வாரத்தில் 8 கிராம் இருப்பவளுக்கு மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை. நாலு வாரத்தில் நன்றாக ஏறினாலும் 9-தான் வரும்.

நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கர்ப்பத்துக்கு முந்தைய எடையை, வேண்டிய ஹெச்.பி.க்கும் இருக்கிற ஹெச்.பி.க்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்ட வேண்டும். 50 கிலோ எடை, 6.8 கிராம் ஹெச்.பி., வேண்டியது 11 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4.2. பெருக்கினால் 504, அதோடு 500 சேர்த்தால் 1004 மில்லிகிராம். நரம்பில் ஏற்றும் இரும்பு மருந்தான அயன் சுக்ரோஸ் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், வாரத்துக்கு 600-க்கு மேல் போகக் கூடாது. ஆக ஐந்து தடவை: திங்கள், புதன், வெள்ளி, அடுத்த வாரம் திங்கள், புதன்.

பலர் இங்கேதான் நழுவுகிறார்கள். முதல் இரண்டு டோஸ் போட்டதும் 'உடம்பு தெம்பா இருக்கு' என்று மூன்றாவதுக்கு வருவதில்லை. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது என்றால் யார்தான் ஐந்து முறை வருவார்கள்? ஒரே அமர்வில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றக்கூடிய ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இன்னொரு இரும்பு மருந்தின் விலை கூடுதல்தான். ஆனாலும் ஐந்து நாள் கூலியையும் பாதியில் நின்றுபோன சிகிச்சையையும் சேர்த்துப் பார்த்தால் எது சிக்கனம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. அயன் சுக்ரோஸ் 5 மில்லி ஆம்பூல் இரண்டை 100 மில்லி நார்மல் சலைனில் (உப்பு நீரில்) கலந்து, 20-30 நிமிடத்தில் விட வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் நீரில்) கலக்கக் கூடாது. வேகமாக விட்டால் ரத்த அழுத்தம் இறங்கும். ஊசி நரம்பை விட்டு வெளியே நழுவினால் தோலில் பழுப்புக் கறை விழுந்து மாதக்கணக்கில் போகாது. அதனால் வெறும் சலைனை முதலில் ஓடவிட்டு வீக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டே மருந்தைத் தொடங்க வேண்டும். கடும் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி ட்ரேயில் தயாராக இருக்க வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரம் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இது கூடாது. ஏற்றுகிற நாட்களில் மாத்திரையை நிறுத்திவைக்கலாம். ஹெச்.பி. 5-க்குக் கீழே இருப்பவளுக்கு எந்த மாதமானாலும், 7-க்குக் கீழே இருந்து கடைசி மூன்று மாதத்தில் வருபவளுக்கும் உடனே அட்மிஷன்தான். ரத்தம் ஏற்றுவதா என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் 'போட்டிருக்க மாட்டா' என்று அவள் மேல் பழியைப் போடுவது சுலபம். இரும்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கொக்கிப் புழு இருந்தால் ஒரு பக்கம் ஊற்ற ஒரு பக்கம் ஒழுகும். முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மில்லிகிராம் ஒரு தடவை கொடுப்பது இதற்காகத்தான். சிவப்பணு சின்னதாக இருந்து, எண்ணிக்கையில் குறையாமல் இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீலகிரி கூடலூர்ப் பக்கம் பழங்குடிப் பெண் என்றால் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய்) பரிசோதனையைத் தவறவே விடக் கூடாது. சிவப்பணு பெரிதாக இருந்தால் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். சைவ உணவு மட்டுமே சாப்பிடுபவர்களிடம் இது அதிகம், சத்து மாத்திரையில் பி12 கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதல். அது குடலின் உள்சுவரைக் கெடுத்து இரும்பு ஏறாமல் தடுக்கும் என்பதால் தேசியத் திட்டமே ஃப்ளோரோசிஸைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு முழு ரத்தப் பரிசோதனை அச்சுத் தாள் போதும் ஆரம்பிக்க. அதில் ஹெச்.பி.யை மட்டும் கார்டில் எழுதிக்கொண்டு எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) என்ற வரியைப் பார்க்காமல் தாளை மடித்து வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

ரேஷன் அரிசியில் இரும்பு சேர்த்துச் செறிவூட்டிய மணியைக் கலக்கத் தொடங்கியதும் இதே முயற்சியின் இன்னொரு கை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு. கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டால் 5.6 முதல் 8.5 மில்லிகிராம் வரும், அதிலும் உறிஞ்சுவது கொஞ்சம்தான். கர்ப்பிணிக்கு இது மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. மஞ்சளாக மிதக்கும் அந்த மணிகளை 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிற வீடுகள் ஏராளம். ரேஷன் கடையில் ஒரு வரி அறிவிப்பு ஒட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

குழந்தையின் பங்கு பிரசவ மேசையிலேயே தொடங்குகிறது. பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே கிளிப் போடாமல், துடிப்பு நிற்கும் வரை, அல்லது மூன்று நிமிடம், பொறுத்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தத்தில் 80 மில்லிக்கு மேல் குழந்தைக்குப் போய்ச் சேரும். முதல் ஆறு மாதத்துக்கான இரும்புச் சேமிப்பில் இது கணிசமான பங்கு. செலவு ஒரு பைசா இல்லை. குழந்தை அழவில்லை, உடனே மூச்சு கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் சிரப். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு தடவைக்கு 1 மில்லி, அதில் 20 மில்லிகிராம் இரும்பு. 50 மில்லி பாட்டில் 25 வாரம் வரும். இரண்டு மாதத்தில் பாட்டில் காலி என்றால் அளவு தெரியாமல் ஸ்பூனில் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

பிரசவத்துக்குப் பிறகும் தாய்க்கு 180 மாத்திரை உண்டு; அது பெரும்பாலும் அநாதை. டிஸ்சார்ஜ் ஆகும்போது குழந்தைக்கான தடுப்பூசி அட்டையைப் பத்திரமாகக் கொடுப்பார்கள், தாயின் மாத்திரையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கணக்கு என்னவோ இதுதான்: 10 கிராம் ஹெச்.பி. உள்ளவளுக்கு சாதாரண பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால், போனது 50 கிராம் ஹீமோகுளோபின். கிராமுக்கு 3.4 மில்லிகிராம் வீதம் 170 மில்லிகிராம் இரும்பு. ஒரு மாத்திரையிலிருந்து 6 மில்லிகிராம் ஏறுகிறது என்று கொண்டால் 28 மாத்திரை, இழந்ததை ஈடுகட்ட மட்டும். அடுத்த கர்ப்பம் ஒன்றரை வருடத்தில் வந்துவிட்டால் அவள் கடனோடுதான் தொடங்குவாள். 6, 10, 14-வது வாரங்களில் குழந்தைக்கு பெண்டாவேலன்ட் தடுப்பூசி போட அவள் எப்படியும் வரத்தான் போகிறாள். அந்த மூன்று வருகையிலும் தாய்க்கு மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கொடுத்து, 14-வது வாரத்தில் ஒரு ஹெச்.பி. பார்த்துவிட்டால் புதிதாக ஒரு முகாமும் தேவையில்லை.

மாத்திரை கொடுக்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி. சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு, மிட்டாய் மாதிரி இருக்கும் மாத்திரை இது. 10 கிலோ எடையுள்ள குழந்தை பத்து மாத்திரை தின்றால் 600 மில்லிகிராம், கிலோவுக்கு 60. உயிருக்கே ஆபத்தான அளவு அது. அதில் பாதி தின்றிருந்தாலும் 'வாந்தி எடுத்துட்டான், சரியாயிடும்' என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும், மிச்ச ஸ்ட்ரிப்பையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். சில மணி நேரம் குழந்தை தெளிந்த மாதிரி இருந்துவிட்டு மறுபடி சரிந்துவிடுவது இந்த நஞ்சின் குணம். மாத்திரையைப் பரண் மேலோ, பூட்டிய பீரோவிலோதான் வைக்கச் சொல்லுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம்.